எண்டர்பிரைஸ் எடிஷன் வாங்கலாமா? முதல்ல க்யூவைப் பாருங்க

வேலைக்குச் சேர்ந்த ஆறு மாசத்துக்குள்ள இந்தக் கேள்வி உங்ககிட்ட வரும். "சர்வர் ஸ்லோவா இருக்கு. ஃப்ரீ வெர்ஷன்தானே ஓடுது, எண்டர்பிரைஸ் எடிஷன் போட்டுடலாமா?" கேட்கிறவர் மேனேஜரா இருக்கலாம், இல்ல சொந்தக்காரர் கடையா இருக்கலாம். நீங்க "போடலாம் சார்"னு ஒரு வார்த்தை சொன்னா வருஷா வருஷம் யாரோ ஒருத்தர் காசு கட்டணும். அதனால சொல்றதுக்கு முன்னாடி கணக்குப் போடக் கத்துக்கலாம்.

மயிலாப்பூரையே உதாரணமா எடுப்போம். ஒரு சபா, மார்கழி சீசன், டிக்கெட் விற்க ஒரு சின்ன வெப்சைட். ரூபி ஆன் ரெயில்ஸ்ல எழுதினது. முன்னாடி எஞ்சினெக்ஸ், அதோட சேர்ந்து பாசஞ்சர்ங்கிற அப்ளிகேஷன் சர்வர். நாலு கோர் உள்ள ஒரே ஒரு மெஷின். (சபாவும் எண்களும் என் கற்பனை. பாசஞ்சர் நிஜம், நெதர்லாந்தின் ஃப்யூஷன் கம்பெனி எழுதியது.)

பாசஞ்சருக்கு ரெண்டு எடிஷன் உண்டு. ஓப்பன் சோர்ஸ் எடிஷன் இலவசம். எண்டர்பிரைஸுக்குக் காசு. காசு கொடுத்தா கிடைக்கிறதுல முக்கியமானவை: ஒரே ப்ராசஸ்ல பல த்ரெட் ஓட்டுவது, சைட்டை நிறுத்தாம ஒவ்வொரு ப்ராசஸா மாத்துற ரோலிங் ரீஸ்டார்ட், புது கோடு கிளம்பாமப் போனா பழைய ப்ராசஸையே ஓடவிடும் பாதுகாப்பு, மெமரியை அதிகமா தின்கிற ப்ராசஸைத் தூக்குறது. "வேகம்"னு ஒரு ஐட்டம் அந்த லிஸ்ட்ல தனியா கிடையாது. கவனிச்சுக்கோங்க.

இப்போ கணக்கு. ஓப்பன் சோர்ஸ் எடிஷன்ல ஒரு ரூபி ப்ராசஸ் ஒரு நேரத்துல ஒரு ரிக்வெஸ்டைத்தான் பார்க்கும். நீங்க எதையும் மாத்தலைன்னா அதிகபட்சம் 6 ப்ராசஸ். ஒரு ரிக்வெஸ்ட் முடிய 300 மில்லி செகண்ட் ஆகுதுன்னு வைங்க. 6-ஐ 0.3-ஆல வகுத்தா, செகண்டுக்கு 20 ரிக்வெஸ்ட். அவ்வளவுதான் இந்த சர்வரோட மொத்தக் கொள்ளளவு.

காலை ஒன்பது மணிக்கு டிக்கெட் திறக்குது. முதல் நிமிஷத்துல 1,000 பேர், ஆளுக்கு 8 ரிக்வெஸ்ட். 8,000-ஐ 60-ஆல வகுத்தா செகண்டுக்கு சுமார் 133. வெளிய போறது 20, உள்ள வர்றது 133. மிச்சம் எல்லாம் க்யூல நிக்கும். பாசஞ்சர்ல க்யூவோட அளவு வழக்கமா 100. ஒரு செகண்ட் முடியறதுக்குள்ள அது நிரம்பிடும். அடுத்து வர்றவருக்கு 503 எரர். வீட்டுல கண்ணாடியை மூக்குல ஏத்திக்கிட்டு கச்சேரி டிக்கெட்டுக்குக் காத்திருக்கிற மாமிக்கு 503-ன்னா என்னன்னு தெரியாது. சபாவுக்கு ஃபோன் போடுவாங்க. சபா செக்ரட்டரி உங்களுக்குப் போடுவார்.

இந்த இடத்துலதான் "எண்டர்பிரைஸ் வாங்கிடலாம்"னு தோணும். கொஞ்சம் பொறுங்க. அந்த 300 மில்லி செகண்ட் எங்க போகுது?

ஆப்போட லாகைத் திறந்து பாருங்க. 250 டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கறதுல போகுது, சிபியு நிஜமா வேலை செய்யறது 50 மட்டும்னு வைங்க. த்ரெட் வாங்கினா காத்திருக்கிற நேரத்துல வேற ரிக்வெஸ்டைக் கவனிக்கலாம், உண்மைதான். ஆனா டேட்டாபேஸே திணறிக்கிட்டு இருந்தா, ஒரே நேரத்துல ஆறு பேர் கேட்ட கேள்வியை இருபத்துநாலு பேர் கேட்கப் போறாங்க. ராயர் மெஸ் வாசல்ல ஞாயித்துக்கிழமை நிக்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க. உள்ள இன்னும் பத்து நாற்காலி போட்டா பொங்கல் சீக்கிரம் வேகுமா?

இன்னொண்ணு. ஒரு ரிக்வெஸ்டுக்கு 50 மில்லி செகண்ட் சிபியு வேணும்னா, நாலு கோர் மெஷின் செகண்டுக்கு 80-க்கு மேல தரவே முடியாது. எந்த எடிஷன் போட்டாலும் இதுதான் கூரை. லைசென்ஸ் பேப்பரால கோர் கூடாது.

சீட் டேபிள்ல ஒரு இண்டெக்ஸ் விட்டுப்போயிருக்குன்னு கண்டுபிடிச்சு சேர்த்தா, 250 ஆனது 30 ஆகுதுன்னு வைங்க. மொத்தம் 80 மில்லி செகண்ட். 6-ஐ 0.08-ஆல வகுத்தா 75. கூரைக்குப் பக்கத்துல வந்துட்டோம், செலவு பூஜ்யம். அடுத்து, அந்த 8 ரிக்வெஸ்ட்ல 5 வெறும் சீட் வரைபடம் பார்க்கறது. எல்லாருக்கும் ஒரே பதில். அதை எஞ்சினெக்ஸ்ல ஒரே ஒரு செகண்ட் கேஷ் பண்ணினா ஆப்புக்குள்ள வர்றது ஆளுக்கு 3 மட்டும். நிமிஷத்துக்கு 3,000, செகண்டுக்கு 50. நம்ம கைல 75 இருக்கு.

ஆனா கூட்டம் சீரா வராது. பாதிப் பேர் முதல் பத்து செகண்டுலயே வந்தா செகண்டுக்கு 150, பத்து செகண்ட் முடியும்போது க்யூல 750 பேர். க்யூ அளவை 1,000 ஆக்கிட்டா, கடைசியா நிக்கிறவர் பத்து செகண்ட் காத்திருப்பார், ஆனா 503 வராது. மாமி பத்து செகண்ட் காத்திருப்பாங்க. சீசன் டிக்கெட்டுக்கு அதைவிட அதிகமா காத்திருந்து பழக்கம்.

சரி, அப்போ காசு கொடுக்கறதே முட்டாள்தனமா? இல்லை. ஐஆர்சிடிசியைப் பாருங்க. தட்கல் பத்து மணி கொடுமை நமக்குத் தெரியும். 2014-ல ரயில்வேயின் மென்பொருள் அமைப்பான க்ரிஸ் புது இ-டிக்கெட் சிஸ்டத்தைக் கொண்டுவந்தது. நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட்னு இருந்த கொள்ளளவு 7,200 ஆச்சு. அதுக்குள்ள இருந்த முக்கியமான பாகங்கள்ல ஒண்ணு ஜெம்ஃபயர். டேட்டாவைப் பல மெஷின்களோட மெமரியில பரப்பி வைக்கிற, அப்போ பிவோட்டல் கம்பெனி விலைக்கு வித்த பொருள். ஏன் அது பொருந்துச்சு? டிக்கெட் எடுக்கறவரைவிட "சீட் இருக்கா"ன்னு பார்க்கறவர் பல மடங்கு. அந்தக் கேள்வி ஒவ்வொண்ணும் பின்னாடி இருக்கிற ரிசர்வேஷன் சிஸ்டத்தைப் போய் இடிக்கக் கூடாது. வாங்கின பொருள் நெரிசல் இருந்த இடத்துலயே உட்கார்ந்தது. அந்த அளவுல, ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா எடுக்கிற ஒரு சப்போர்ட் நம்பருக்கும் மதிப்பு உண்டு.

அதே ஜெம்ஃபயரோட மூலக் கோடை 2015-ல பிவோட்டல் திறந்துவிட்டது. 2016-ல அது அப்பாச்சி ஜியோடுங்கிற பேர்ல முழு அப்பாச்சி ப்ராஜெக்ட் ஆச்சு. இதுக்கு நேர் எதிரா, 2013-ல ஆரக்கிள், கிளாஸ்ஃபிஷ் சர்வருக்கு இனிமே புது வெர்ஷன்ல காசுக்கு சப்போர்ட் கிடையாதுன்னு அறிவிச்சது. அதை நம்பி இருந்தவங்களுக்காகத்தான் பயாரா வந்தது. எஞ்சினெக்ஸ்லயும் அப்படி ஒண்ணு: பின்னாடி இருக்கிற சர்வரோட ஐபி மாறினா தானா கண்டுக்கிற வசதி பல வருஷம் காசு கட்டுற ப்ளஸ் எடிஷன்ல மட்டும் இருந்துச்சு. 2024 கடைசியில இலவச எடிஷனுக்கும் வந்துடுச்சு. அதனால லைசென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி, அடுத்த வருஷம் புதுப்பிக்கலைன்னா சைட் ஓடுமான்னு கேளுங்க. பாசஞ்சர்ல பிரச்சினை இல்லை, இலவச எடிஷனுக்கே திரும்பலாம், இல்ல ப்யூமாவுக்கு மாறலாம். த்ரெட், ஒவ்வொரு ப்ராசஸா ரீஸ்டார்ட் ரெண்டும் ப்யூமால இலவசம்.

என் கருத்துப்படி, சின்ன டீம் காசு கொடுக்கறதுக்கு நல்ல காரணம் வேகம் கிடையாது, டிப்ளாய்மென்ட்தான். இலவச எடிஷன்ல ரீஸ்டார்ட் பண்ணினா, ஆப் கிளம்ப 15 செகண்ட் ஆகும்னா அந்த 15 செகண்டும் வந்தவர் சும்மா நிக்கணும். பகல் முழுக்க ஆள் வர்ற, தினம் ரெண்டு தடவை கோடு மாத்துற கிளினிக் அப்பாயின்ட்மென்ட் சைட்டா? வாங்குங்க, இல்ல ப்யூமாவுக்கு மாறுற வேலையை யார் செய்வாங்கன்னு சொல்லுங்க. நம்ம சபாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு டிப்ளாய் பண்ணினா யாருக்குத் தெரியப் போகுது?

இந்த வாரமே செஞ்சு பார்க்கணும்னா: உங்க ப்ராஜெக்டை பாசஞ்சர்ல ஏத்துங்க. கே6 மாதிரி ஒரு லோட் டெஸ்ட் டூலால கூட்டத்தை அனுப்புங்க. பக்கத்து டெர்மினல்ல பாசஞ்சர்-ஸ்டேட்டஸ் கமாண்டைத் திரும்பத் திரும்ப அடிங்க. க்யூல எத்தனை ரிக்வெஸ்ட் நிக்குதுன்னு அது காட்டும். அதோட சிபியுவையும் பாருங்க. க்யூ ஏறுது, சிபியு சும்மா இருக்குன்னா டேட்டாபேஸ் பக்கம் போங்க. அங்க எல்லாம் சரி பண்ணியும் சிபியு சும்மாவே இருந்து க்யூ ஏறினா, அப்போ த்ரெட்டைப் பத்திப் பேசலாம். க்யூவும் ஏறுது, நாலு கோரும் நூறு சதவீதம்னா, லைசென்ஸுக்கு வெச்சிருந்த காசை இன்னொரு மெஷினுக்குக் கொடுங்க.