மழைக்குட்டையும் குறுவாய்த் தவளையும்

மழை ஓய்ந்த இரவில் வயற்புறத்தில் எழும் தவளை ஒலியை நம் உறுப்பினர் அனைவரும் அறிவர். அது ஒரே வகைத் தவளையின் குரலன்று. பல வகைகளின் குரல் கலந்தது. அவற்றுள் மிகச் சிறிய ஒன்றைப் பிரித்தறிவதே இம்மாதப் பாடமாகும்.

குறுவாய்த் தவளையின் நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர். தலை கூர்மையானது, வாய் சிறியது. மண்நிற முதுகில், கண்களின் நடுவே தொடங்கிப் பின்னோக்கி அகன்று செல்லும் கருங்கோலம் ஒன்று உண்டு. 1841-ஆம் ஆண்டில் டூமேரில், பிப்ரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இதனை விவரித்தனர். 'மைக்ரோஹைலா ஆர்னேட்டா' என்பது இதன் அறிவியற் பெயர். எறும்பும் கறையானுமே இதன் முக்கிய இரை. கறையான் அரித்த தறிமரத்தைக் கண்டவர்களுக்கு இதன் பயனை விளக்க வேண்டுவதில்லை.

இதன் குரலைப் பெரிய ஏரியில் தேட வேண்டா. நல்ல மழைக்குப் பின், பொழுது சாய்ந்ததும், வரப்போரப் பள்ளம், தரிசில் தேங்கிய நீர், புல் அடர்ந்த குட்டைக்கரை ஆகிய இடங்களுக்குச் செல்லுங்கள். சீப்பின் பற்களை நகத்தால் வருடினாற் போன்ற கரகரப்பான ஒலி கேட்கும். காலடி ஓசை பட்டால் அடங்கிவிடும். அசையாது நின்றால் மீண்டும் தொடங்கும். தவளை தன் வாயால் கெடுவதாகச் சொல்வது நம் வழக்கம். ஆனால் ஆண் தவளை குரல் கொடுத்தாலன்றிப் பெண் தவளை துணை தேடி வாராது. இவ்வினம் தன் வாயாலேயே வாழ்கிறது.

பெண் தவளை நீரின் மேற்பரப்பில் முட்டைகளை மெல்லிய படலமாக இடும். கண்ணாடி போன்ற தலைப்பிரட்டைகள் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தவளையாகும். விரைவில் வற்றும் குட்டையில் முட்டையைத் தின்னும் மீன் தங்குவதில்லை. ஆகவே நாம் வீண் பள்ளம் என்று கருதுவதே இதற்குத் தொட்டில்.

தவளை வாயால் நீர் அருந்துவதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. முட்டைக்கோ ஓடு இல்லை. எனவே பூச்சிமருந்துத் தெளிப்பானைக் கழுவிய நீரும், சாயநூலை அலசிய நீரும் குட்டையில் சேர்ந்தால், அந்த நஞ்சு நேரே உடலில் ஏறும். சாயக்கழிவு நொய்யலாற்றைக் கெடுத்ததன் விளைவாக, 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதை நெசவாளர் மறந்திரார். ஆறே தாங்காததைக் குட்டை தாங்குமோ?

வீட்டருகே கொசு பெருகும் பள்ளத்தையும் காக்க வேண்டும் என்பது கருத்தன்று. வயலோரக் குட்டையில் குப்பை கொட்டாமலும், தெளிப்பானையும் சாயப் பாத்திரத்தையும் அங்கே கழுவாமலும் இருப்பதே நாம் செய்ய வேண்டுவது. உழவர் மட்டும் காத்தாலும் போதாது. நெசவாளர் மட்டும் காத்தாலும் போதாது. இருவரும் ஒன்றுகூடிக் காக்க வேண்டிய பொதுச்சொத்து அது. கூட்டுறவு என்பதன் பொருளும் அதுவேயன்றோ?

அடுத்த மழையிரவில் உறுப்பினர்கள் தத்தம் ஊர்க் குட்டைகளைச் சென்று கேட்பார்களாக. எக்குட்டையில் இக்குரல் எழுகிறது, எங்கே அடங்கிவிட்டது என்பதைக் குறித்து வந்து, சங்கக் கூட்டத்தில் தெரிவிப்பது நலம்.