மாரியில் வரும் பட்சிகள்

கேள்வி: பறவைகளை அவதானிக்கக் குமணைக்குத்தான் போக வேண்டுமா?
– சொறிக்கல்முனை வாசகர்

பதில்: வேண்டியதில்லை. 2010இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த குமணையின் மகிமை பெரிதே. ஆயினும், வட ஆசியாவில் பனி உறையும்போது தெற்கே பிரயாணப்படும் பட்சிகள், நமது பெரும்போக வயல்களில் நீர் நிற்கும் அதே பருவத்தில் வந்திறங்குவதால், கிட்டங்கித் தாம்போதியருகிலும் வயல் வரம்புகளிலும் அதிகாலையில், சூரியனை முதுகுப்புறம் வைத்துப் பொறுமையோடு நிற்பவருக்கு, பூச்சிகளைத் துரத்தும் தகைவிலான்களும், தாழப் பறக்கும் மீசை ஆலாக்களும், காலடிச் சத்தத்தில் திடீரென எழுந்து வளைந்து வளைந்து பறந்தோடும் உள்ளான்களும் பிரத்தியட்சமாகும். அந்த உள்ளானைக் காண்பது தனி ஆனந்தம். பூச்சிமருந்து மிகுந்தால் இவற்றின் ஆகாரமே அழிந்துவிடும் என்பதை உழவர் சகோதரர்களிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். ஏப்ரலுக்குள் பெரும்பாலானவை திரும்பிவிடும். ஆகையால் அறுவடைக்கு முன்பே புறப்படுங்கள்.