செவ்வகப் படத்தைச் சதுரமாக்குதல்

இசைத்தட்டு வட்டமானது, ஆதலின் அதன் உறை சதுரமாக அமைந்தது. 1948-இல் வெளிவந்த நீள்நேர இசைத்தட்டின் விட்டம் 12 அங்குலம்; உறை அதனினும் சற்றுப் பெரிய சதுரம். இன்று கைப்பேசியில் இசை கேட்போருக்கும் தொகுப்பின் முகப்புப் படம் சதுரமாகவே காட்டப்படுகிறது. ஆனால், காமிராக்களிற் பெரும்பாலானவை செவ்வகப் படத்தையே தருகின்றன. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு படத்தின் அளவு 36 × 24 மி.மீ.; அதாவது 3:2 என்னும் விகிதம். இதனைச் சதுரமாக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வோம்.

மும்பைக்கு அருகிலுள்ள அம்பர்நாத்தில், கி.பி. 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டை உடைய சிவன் கோயில் ஒன்று உள்ளது. அதன் சிகரத்தின் மேற்பகுதி இன்று இல்லை. அக்கோயிலின் புகைப்படம் ஒன்று 6 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் உடையது. மாணவர் பாடிய பாடல்களின் தொகுப்புக்கு அதனை முகப்பாக்க ஓர் ஆசிரியர் விரும்புகிறார் எனக் கொள்வோம். அவருக்கு வழிகள் மூன்று.

1. வெட்டுதல்: பக்கங்களில் 2 அங்குலம் நீக்கினால் 4 × 4 சதுரம் கிடைக்கும். 24 சதுர அங்குலத்தில் 8 நீங்கும். அஃதாவது மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய பகுதியின் வடிவம் மாறாது.

2. விளிம்பு சேர்த்தல்: மேலும் கீழும் ஓரங்குல வெற்றிடம் சேர்த்தால் 6 × 6 சதுரமாகும். படம் முழுமையாக இருக்கும். சதுரத்தில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடமாகும். அங்கே தலைப்பை எழுதலாம்.

3. நெருக்குதல்: உயரத்தை மாற்றாமல் 6 அங்குல அகலத்தை 4 அங்குலமாகச் சுருக்குதல். இதில் எதுவும் இழக்கப்படவில்லை எனத் தோன்றும். ஆயினும் வட்டம் நீள்வட்டமாகும். 45 பாகைச் சரிவு ஏறத்தாழ 56 பாகையாகும். அகன்று நிற்கும் கோயில் ஒடுங்கி உயர்ந்து காணப்படும். சிகரம் சிதைந்த கோயிலுக்கு இல்லாத உயரத்தை ஏற்றியதாக முடியும். நேரிற் காணாத மாணவன் அதனையே உண்மையென நம்புவான். எனவே இம்முறையைக் கைவிடுக.

1868-இல் இக்கோயிலின் சிற்பங்களுக்கு வார்ப்புகளும் வரைபடங்களும் புகைப்படங்களும் எடுக்கப்பட்டன. இத்தகைய பதிவுகளின் பயன் அளவு பிறழாமையிலேயே உள்ளது. களப்பணியாளர் எடுக்கும் இலை, பூச்சி ஆகியவற்றின் படங்களுக்கும் இது பொருந்தும்; நீள அகல விகிதம் பிறழ்ந்தால் இனங்காண்பதே தவறிவிடும்.

வெட்டும் இடத்தைத் தேர்தல்: ‘ட’ எழுத்தின் வடிவில் இரண்டு அட்டைகளை வெட்டிக்கொள்க. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் படத்தின்மேல் எதிரெதிராக வைத்து நகர்த்தினால் வேண்டிய சதுரம் தெரியும். நடுப்பகுதியையே கொள்ளவேண்டும் என்பதில்லை. கருப்பொருள் எங்குளதோ அங்கே சதுரம் அமைக. படமெடுக்கும்போதே இரு பக்கமும் இடம் விடுதல் நன்று.

புள்ளிகளின் கணக்கு: 6000 × 4000 புள்ளிகள் உள்ள படத்தை வெட்டினால் பக்கத்துக்கு 4000 எஞ்சும். அங்குலத்துக்கு 300 வீதம் அச்சிட்டால் 13 அங்குலத்துக்கு மேல் வரும். இசைத்தட்டின் உறைக்கு இது போதும். 1500 × 1000 புள்ளிப் படமோ 3⅓ அங்குலத்துக்கே போதும். பெரிதாக்குவதால் புதிய விவரம் தோன்றாது.

பயிற்சி

1. 6 × 4 செ.மீ. தாளில் 3 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைக. அகலத்தை மட்டும் 4 செ.மீ. ஆக்கினால் அவ்வட்டத்தின் அகலம் என்ன?
2. 8 × 6 அங்குலப் படத்தை வெட்டிச் சதுரமாக்கினால் எத்தனையில் ஒரு பங்கு நீங்கும்?

விடைகள்: 2 செ.மீ.; நான்கில் ஒரு பங்கு.