எல்லையில் நிற்கும்போதே திரும்புவோம்

இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, “சர்க்கரை ‘பார்டரில்’தான் இருக்கிறது, நோய் இல்லை” என்று மகிழ்ந்து, அதனை மடித்து வைத்துவிடுவோர் நம்மில் பலர். நாமும் அவ்வாறே செய்தோம். ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 இருந்தது. தாள் அலமாரியில் உறங்கிற்று. நான்காண்டுகள் கழித்துப் பார்த்தபோது 148. இன்று மாத்திரையோடு வாழ்கிறோம். வீணாக்கிய அந்த நான்காண்டுகளே இப்பாடத்தை எழுதத் தூண்டின.

இந்நிலை யாது?

உண்ட சோறு செரித்துக் குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, உடலுழைப்பும் குறையும்போது, இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. கணையம் மிகுதியாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. அதுவும் தளரும்போது சர்க்கரை மெல்ல உயர்கிறது. இதுவே நீரிழிவுக்கு முந்தைய நிலை. பெரும்பாலும் அறிகுறி ஏதும் தோன்றாது. பரிசோதனையே காட்டிக் கொடுக்கும்.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 மில்லிகிராம். 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 விழுக்காடு. இவை இந்நிலையின் அளவுகள். இவற்றைக் கடந்தால் நீரிழிவு.

திரும்ப இயலுமா?

இயலும். இந்நிலையில் இருந்தோரைச் சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டுகள் கவனித்து, 2006இல் முடிவினை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு அடைந்தனர்; உணவை ஒழுங்குபடுத்தி நாள்தோறும் நடந்தோரில் 39 பேரே அடைந்தனர். மாத்திரை மட்டும் உண்டோர்க்கும் ஏறத்தாழ இதே பயன்தான்.

வீட்டிலேயே ஒரு தேர்வு

சென்னை மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005இல் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். தேவை ஓர் அளவுநாடா மட்டுமே.

வயது 35 முதல் 49 எனில் 20, ஐம்பதும் அதற்கு மேலும் எனில் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 முதல் 89 செ.மீ. எனில் 10, 90க்கு மேல் 20. ஆண்களுக்கு 90 முதல் 99 எனில் 10, 100க்கு மேல் 20. உடற்பயிற்சி, கடின உழைப்பு இரண்டும் இல்லையெனில் 30, ஒன்று மட்டும் உண்டெனில் 20. பெற்றோரில் ஒருவர்க்கு நீரிழிவு எனில் 10, இருவர்க்கும் எனில் 20. கூட்டுத்தொகை 60ஐ எட்டினால் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது. குறைந்த மதிப்பெண்ணே தேர்ச்சியாகும் விந்தையான தேர்வு இது!

எம் மகளுக்கு வயது 46. கணக்கிட்டோம்: 20, 10, 30, 20; ஆக 80. கடைசி இருபதும் பெற்றோராகிய நாங்கள் தந்தது. வயதையும் மரபையும் மாற்ற இயலாது. இடையிலுள்ள நாற்பதை அவள் குறைக்கலாம்.

நம் அடுக்களையில்

கிழங்கு உண்ணாத நமக்கு இந்நோய் வாராது என்பார் உளர். சோறும் மாவுப்பொருளே. தட்டில் பாதி கீரை, அவரை, கொத்தவரை, புடலை, பீர்க்கு ஆகியன இருக்கட்டும். கால் பங்கு பருப்பும் சுண்டலும். எஞ்சிய காலே சோறு. வெல்லம் சர்க்கரைக்கு மாற்றாகாது. அதுவும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். பழச்சாற்றினும் முழுப்பழம் மேல்.

பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கம் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. உண்டபின் அமர்ந்துவிடாது சற்று நடந்தால், உணவால் உயரும் சர்க்கரையைத் தசைகள் ஈர்த்துக்கொள்ளும். நாள்தோறும் மொத்தம் அரைமணி நேரமாவது நடத்தல் வேண்டும். நீரிழிவு மருந்து உண்போர் மட்டும் உபவாசத்திற்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்வாராக. மருந்து உண்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அபாயமாகத் தாழக்கூடும்.

இவ்வாரப் பயிற்சி

வீட்டிலுள்ள பெரியோர் அனைவரின் மதிப்பெண்களையும் ஒரு தாளில் எழுதுக. எம் மகள் பரிசோதித்துக்கொண்டாள்; குளுக்கோஸ் அருந்திய பின் 156. அத்தாளை அவள் மடித்து வைக்கவில்லை. அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். மாலையில் உண்டபின் நடக்கவும் செய்கிறாள்.