மூன்று இலட்சம் சம்பளமும் வெள்ளவத்தையில் ஒரு வீடும்



சதவீதம், வரி, வட்டி ஆகிய அலகுகளை நீங்கள் தனித்தனியே கற்றிருப்பீர்கள். இப்பாடத்தில் அவற்றை ஒரே பிரசினத்தில் சேர்த்துப் பார்ப்போம். பிரசினம் இதுதான்: மாதம் 300,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவரால் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு வாங்க முடியுமா? "மூன்று இலட்சமா? ஏன் முடியாது?" என்றே பலரும் கேட்பர். கணக்கைச் செய்த பின்னர் விடை சொல்வோம்.

மொத்தச் சம்பளமும் தேறிய சம்பளமும்

நியமனக் கடிதத்தில் எழுதப்படுவது மொத்தச் சம்பளம். கழிவுகள் போகக் கைக்கு வருவது தேறிய சம்பளம்.

முதலாவது கழிவு ஊழியர் சேமலாப நிதி. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஊழியர் குறைந்தது 8% ஐயும் தொழில்தருநர் குறைந்தது 12% ஐயும் செலுத்த வேண்டும். முழுச் சம்பளத்துக்கும் இது கணிக்கப்படுகிறது எனக் கொண்டால், கழிவு 24,000 ரூபா. இங்கேதான் பலர் 20% ஐயும் கழித்துப் புள்ளிகளை இழக்கின்றனர். தொழில்தருநரின் 12% உம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3% உம் சம்பளத்தில் கழிக்கப்படுவன அல்ல.

இரண்டாவது கழிவு வருமான வரி. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்கின்படி, ஆண்டு வருமானத்தில் முதல் 1,800,000 ரூபாவுக்கு வரி இல்லை. அதற்கு மேல் முதல் 1,000,000 ரூபாவுக்கு 6%, பின்னர் வரும் ஒவ்வொரு 500,000 ரூபாவுக்கும் முறையே 18%, 24%, 30%, எஞ்சியதற்கு 36%.

ஆண்டு வருமானம் = 300,000 × 12 = 3,600,000
வரிக்குரிய வருமானம் = 3,600,000 − 1,800,000 = 1,800,000
1,000,000 × 6% = 60,000
500,000 × 18% = 90,000
300,000 × 24% = 72,000
ஆண்டு வரி = 222,000; மாத வரி = 18,500
தேறிய சம்பளம் = 300,000 − 24,000 − 18,500 = 257,500 ரூபா

கவனிக்க: 24% என்ற படிக்கு வந்துவிட்டார் என்பதற்காக முழு வருமானத்துக்கும் 24% அறவிடப்படுவதில்லை. அந்தப் படிக்குள் விழும் பகுதிக்கு மட்டுமே அந்த வீதம்.

இதே சம்பளத்துக்கு 2020 இன் ஒழுங்கின்படி (விலக்கு 3,000,000 ரூபா) மாத வரி 3,000 ரூபாவாகவே இருந்தது. 2023 ஜனவரியில் விலக்கு 1,200,000 ரூபாவாகக் குறைக்கப்பட்டு, 500,000 ரூபாப் படிகளில் 6% முதல் 36% வரை வீதங்கள் வந்தபோது அது 35,000 ரூபாவாகியது. கணித்துச் சரிபாருங்கள், நல்ல பயிற்சி. சம்பளக் கடிதத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே அந்த வீட்டுக்கு வரும் பணம் மாதம் 32,000 ரூபாவால் குறைந்தது.

வீடு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் விலை கட்டடத்துக்குக் கட்டடம் வேறுபடும். கணக்குக்காக வீட்டின் விலையை 3 கோடி ரூபா எனக் கொள்வோம். வங்கிக் கடன் 1 கோடி 20 இலட்சம். ஆண்டு வட்டி 12%. காலம் 20 ஆண்டுகள் (240 மாதங்கள்). குறைந்து செல்லும் கடன் மீதி முறையில்:

மாதாந்தம் செலுத்தும் முதல் = 12,000,000 ÷ 240 = 50,000
ஒரு மாத அலகுக்கான வட்டி = 50,000 × 1% = 500
மாத அலகுகள் = (240 × 241) ÷ 2 = 28,920
மொத்த வட்டி = 500 × 28,920 = 14,460,000
மாதத் தவணை = 26,460,000 ÷ 240 = 110,250 ரூபா

வட்டி கடனை விடப் பெரிதாக இருப்பதைக் கண்டீர்களா? பரீட்சையில் இவ்விடையே சரி. ஆனால் வங்கிக்குச் சென்றால் இதே கடனுக்குச் சுமார் 132,000 ரூபா தவணை கேட்பார்கள். நமது முறை ஒவ்வொரு மாதமும் முதலில் 50,000 குறைகிறது எனக் கொள்கிறது. உண்மையில் தொடக்க மாதங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும்; கடன் மீதி மெதுவாகவே குறையும்.

தவணை தேறிய சம்பளத்தில் 40% ஐ மீறக்கூடாது என வங்கி நிபந்தனை விதித்தால், எல்லை 103,000 ரூபா. ஆகவே இக்கடன் கிடைக்காது. கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 1 கோடி 80 இலட்சத்தைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு 3%, எஞ்சியதற்கு 4%: அதாவது 1,199,000 ரூபா. மாதம் ஓர் இலட்சம் சேமித்தாலும் இவ்விரண்டுக்கும் 16 ஆண்டுகள் தேவை. அதுவரை வாடகை கொடுக்க வேண்டும்; வீட்டின் விலையும் 16 ஆண்டுகள் அசையாமல் நிற்க வேண்டும்.

வட்டி வீதமும் நிற்பதில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் எடுத்த மேற்படி கடனின் வீதம் 24% ஆனால், முதல் மாத வட்டி மட்டுமே 240,000 ரூபா.

அப்படியானால் வாங்குபவர் யார்?

போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து வந்த பல குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கின. பலரின் பிள்ளைகளும் சகோதரரும் கனடாவிலும் இலண்டனிலும் இருந்தனர். அங்கிருந்து வந்த பணம், ஊரில் காணி விற்ற பணம், மகளுக்குச் சீதனமாக வீடு வேண்டும் என்ற தேவை ஆகியன இங்குள்ள தொடர்மாடிகளின் கேள்வியை உயர்த்தின. வர்த்தகப் பாடத்தில் கேள்வி, நிரம்பல் படித்திருப்பீர்கள். இங்கு விலையைத் தீர்மானிப்பது கொழும்பில் உழைப்பவரின் சம்பளம் மட்டுமன்று. டொலரிலும் பவுணிலும் உழைப்பவரின் சேமிப்பும் அதே வீட்டுக்குப் போட்டியிடுகிறது. எனவே, அப்பாவோ அக்காவோ நல்ல வேலையில் இருந்தும் வாடகை வீட்டிலேயே இருக்கிறோம் என்றால், அதை அவர்களின் கெட்டித்தனக் குறைவாக எண்ண வேண்டாம்.

இன்னொரு குடும்பத்தையும் பாருங்கள். கொட்டாஞ்சேனையில் கணவனும் மனைவியும் தலா 150,000 ரூபா உழைக்கின்றனர். மொத்தம் அதே 300,000. ஆனால் ஒவ்வொருவரின் ஆண்டு வருமானமும் சரியாக 1,800,000, வரி இல்லை. சேமலாப நிதிக்கு 24,000 போக, கையில் 276,000 ரூபா. ஒருவர் மட்டும் உழைக்கும் வீட்டை விட 18,500 அதிகம். இருவரும் வேலைக்குப் போவதால் வரும் பஸ் செலவு, பிள்ளை பராமரிப்பு ஆகியவற்றை இதிலிருந்து கழிக்க வேண்டும். வினாத்தாளில் அவை வருவதில்லை.

பயிற்சி

மாதம் 240,000 ரூபா பெறும் ஒருவர் கொட்டாஞ்சேனையில் 75,000 ரூபா வாடகை வீட்டில் வசிக்கிறார். (அ) மாத வரி யாது? (ஆ) தேறிய சம்பளம் யாது? (இ) அதில் வாடகை எத்தனை சதவீதம்?

விடைகள்: (அ) 6,200 ரூபா (ஆ) 214,600 ரூபா (இ) ஏறத்தாழ 35%