விரைவுணவும் விருந்தும்

உணவு ஆக்கும் முறை மாறின், உண்ணும் முறையும் மாறும். 1948-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டுச் சான் பெர்னார்டினோ நகரில், மக்டொனால்டு உடன்பிறந்தார் இருவர் தம் உணவுச்சாலையைத் தொழிற்சாலைபோல் திருத்தியமைத்தனர். ஒருவர்க்கு ஒரு வேலையே வகுக்கப்பட்டது, உணவு வகைகள் குறைந்தன, தட்டும் முட்கரண்டியும் நீங்கின, பரிமாறுவோரும் நீங்கினர். 15 சென்ட் விலைக்கு ஹாம்பர்கர் காத்திராமலே கிடைத்தது. எளியோரும் குடும்பத்தோடு வந்து உண்ண இயன்றமை நன்மையே. ஆயினும், பரிமாறும் கை அகன்றபோது, உண்பார் முகம் நோக்குவாரும் அகன்றனர்.

1986-இல் ரோமாபுரியில் அப்பெயர்க் கடை எழுந்தபோது, கார்லோ பெட்ரினி முதலியோர் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பினின்று வளர்ந்த 'ஸ்லோ புட்' இயக்கம் 1989-இல் பன்னாட்டு இயக்கமாயிற்று. அவர் காக்க விழைந்தது சுவையை மட்டுமன்று. உடனிருந்து உண்ணும் இன்பத்தையுமாம்.

விரைவினால் நாம் மீத்த பொழுதை யாருடன் கழிக்கின்றோம்? தனித்தே கழிப்பின், மீத்ததும் இழப்பேயன்றோ?