பங்குக்குப் புதிதாய் வரும் பிள்ளைகளுக்கு

கல்யாணம் முடித்தும் வேலை மாறியும் பல்லேபொலப் பக்கம் குடிவருகிற இளம் குடும்பங்களுக்கு இதை எழுதுகிறேன். இங்கே கத்தோலிக்க வேதக்காரர் சிறு தொகை, அதிலும் தமிழர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பூசைக்குப் போவதென்றால் பஸ் பிடிக்க வேண்டும். "வீட்டிலேயே செபிக்கலாமே" என்ற எண்ணம் வரத்தான் செய்யும். அந்த எண்ணம் வேர்விடுமுன் இவற்றைக் கேளுங்கள்.

1. முதலில் வஹாகோட்டை அந்தோனியார் கோயிலுக்குப் போய்வாருங்கள், இங்கிருந்து அதிக தூரமில்லை. நேர்த்தி வைக்க எல்லாரும் அங்கே போகிறோம். அந்த ஊர்ச் சனத்தின் கதையையும் கேட்டுவிட்டு வாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் கண்டி அரசரிடம் சிறைப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபு. இன்று பேச்சும் பழக்கவழக்கமும் முழுக்கச் சிங்களம். 1740களில் கண்டி இராச்சியத்திலிருந்து குருமார் துரத்தப்பட்டார்கள். அதன்பின் நெடுங்காலம் பூசை வைக்க ஆளில்லை. ஆனாலும் அங்கே வேதம் அழியவில்லை. சனம் ஒன்றாய்க் கூடிச் செபித்தது, பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் செபங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவரவர் வீட்டுக்குள் அவரவர் செபித்திருந்தால் இரண்டு தலைமுறைக்கு மேல் தாங்கியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

2. புனித யோசப் வாஸ் அடிகளாரின் படம் வீட்டில் இருந்தால் மட்டும் போதாது, அவர் செய்த வேலையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தவர். 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். தீவு முழுவதற்கும் குருமார் கைவிரலுக்குள். எந்த ஊருக்கும் அடிக்கடி போக வழியில்லை. அதனால் ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியையும் வைத்தார். ஞாயிறு சனத்தைக் கூட்டுவது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது என்று எல்லாம் ஊர்க்காரர் கையில். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்தப் புனிதர் நட்டுவைத்த வேலை இன்று நம் தலையில் இருக்கிறது. ஆகவே கோயில் கூட்டவோ வாசகம் வாசிக்கவோ கூப்பிட்டால் பின்வாங்காதீர்கள்.

3. "பூசை சிங்களத்தில், விளங்காது" என்று நின்றுவிடாதீர்கள். பதிலுரைகளை எழுதிவைத்துப் படித்தால் ஒரு மாதத்தில் வாயில் வந்துவிடும். பிள்ளைகள் உங்களுக்கு முன்னே பிடித்துக்கொள்வார்கள். திருநாளில் ஒரு வாசகமோ ஒரு பாட்டோ தமிழில் வேண்டுமென்றால் பாதரிடம் நேரே போய்க் கேளுங்கள். வெளியே நின்று குறைபட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

4. தொலைக்காட்சிப் பூசை நோயாளிக்கும் நடக்க முடியாதவருக்கும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்கு அடுத்த வாரம் கோயில்கள் பூட்டியிருந்தன. கர்தினால் தம் இல்லத்தில் வைத்த பூசையை நாடே திரையில் பார்த்தது. ஆறுதல்தான். ஆனால் அழுகிறவர் தோளில் கைவைக்கத் திரைக்குள்ளிருந்து யாராலும் முடியவில்லை.

5. பூசை முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். பத்து நிமிடம் நின்று பக்கத்திலிருப்பவரோடு பேசுங்கள்.

6. அக்டோபரில் மாதா சுருபம் வீடு வீடாய் வரும். "எங்கள் வீடு சின்னது" என்று மறுக்காதீர்கள். பாயை விரியுங்கள், இடம் போதாதவர்கள் வாசற்படியில் இருப்பார்கள். செபமாலையில் கடைசிப் பத்து மணியை வீட்டுச் சின்னப் பிள்ளையிடம் கொடுப்போம். நடுவில் தடுக்கினால் பாட்டிமார் மெதுவாய் எடுத்துக்கொடுப்பார்கள். பிறகு பிளேன்டீயும் ஒரு பிஸ்கட்டும் போதும். அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் மருந்து வாங்கக் காசில்லை என்பதெல்லாம் தெரியவரும். மறுநாள் மாத்தளை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் போவதும், அரிசி போய்ச் சேருவதும் இப்படித்தான். நம் வேதக்காரர் அல்லாத அயலவரையும் அந்தக் கணக்கில் சேருங்கள். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது யோசப் வாஸ் வேதம் பார்த்தா கஞ்சி கொடுத்தார்?

7. சண்டை வரும். திருநாள் கணக்கில் வரும், பாடகர் குழுவில் வரும். ஒருவர்மேல் உள்ள கோபத்துக்காகக் கோயிலை விடாதீர்கள். கணக்கு விளங்காவிட்டால் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஒன்றில் மட்டும் பொறுமை வேண்டாம். ஒரு பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்தால், அவர் எவ்வளவு பெரிய ஆளானாலும், கோயிலின் பெயர் கெடும் என்று மூடாதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. அன்றைக்கே எடுங்கள்.

8. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போக நேர்ந்தால் பாதரிடம் சொல்லி, ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போங்கள். துபாயில் புனித மரியாள் ஆலயத்தில் தமிழ்ப் பூசையே உண்டு. எங்கே போனாலும் முதல் ஞாயிறே கோயிலைத் தேடிப் போய், பூசை முடிந்ததும் உங்கள் பெயரையும் ஊரையும் யாரிடமாவது சொல்லுங்கள்.